ஸ்பெஷல் கிளாஸ் கட்டணம்

மலையைச் சுற்றினால் 14 கிலோமீட்டர். வெளியூர்க்காரர்கள் பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து அதைச் சுற்றிவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொண்டு ஊர் போய்ச் சேர்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண்ணைப் பெற்றுத் திருவண்ணாமலையிலேயே குடியிருப்பவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் தினப்படி சுற்ற வேண்டும். திங்களும் வியாழனும் வேட்டவலம் சாலையில் அபாகஸ். செவ்வாயும் வெள்ளியும் போளூர் சாலையில் பரதம். புதனன்று அவலூர்பேட்டை சாலைப் பக்கம் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் கையெழுத்துப் பயிற்சி. சனி, ஞாயிறு விடியற்காலை செங்கம் சாலையில் சிலம்பம். அது முடிந்து குளித்தால் செஸ். கிரிவலத்துக்காவது இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கத்தில் முடிப்பதென்று ஒரு கிரமம் உண்டு. எங்கள் சுற்றுக்கு மிஸ்ஸின் வசதிதான் கிரமம். போகிற வழியில் இருக்கும் எட்டு லிங்கங்களுக்கும் ஸ்கூட்டரின் ஆக்ஸிலேட்டரில் இருந்து கை எடுக்காமலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வித்தை எனக்குக் கைவந்திருக்கிறது. இத்தனை வகுப்பிலும் எங்கள் குடும்பத்தில் ஒருவர் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் எதிர்வீட்டு ஷோகேஸ். அது அவர்கள் ஹாலில் இருக்கிறது என்றாலும் பார்வை எங்கள் ஹாலை நோக்கித்தான். அந்த வீட்டுப் பையன் நாலாவது படிக்கிறான். கண்ணாடிக்குள் ஷீல்டுகள், கோப்பைகள், நாடாவோடு தொங்கும் மெடல்கள், அவற்றுக்கென்று தனியாக ஒரு விளக்கு. மின்தடை வந்தால் அவர்கள் வீட்டில் இன்வெர்ட்டரில் எரியும் முதல் விளக்கு அதுதான்.

ஒருநாள் கூரியர் வாங்கிக் கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்க் கிட்டே நின்று படித்தேன். முக்கால்வாசி ஷீல்டில் ‘பங்கேற்றமைக்காக’ என்றுதான் இருந்தது. துள்ளிக் குதித்துக்கொண்டு வந்து வீட்டில் சொன்னேன்.

“சரி, நம்ம பாப்பா எதுல பங்கேற்றா?” என்றாள் மனைவி.

அடுத்த திங்கட்கிழமை அபாகஸில் சேர்த்தோம்.

என் காலத்தில் பள்ளிக்கு வெளியே பிள்ளைகளுக்கு இருந்த கலைகள் இரண்டு. ரேஷன் கடை வரிசையில் நிற்பது, அந்த வரிசையில் பாட்டிகளை முந்துவது. கொஞ்சம் வளர்ந்தால் டைப்ரைட்டிங். ஒரு பழைய ரெமிங்டன் முன்னால் உட்கார்ந்து, ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று பக்கம் பக்கமாக அடிப்போம். சுண்டுவிரலுக்கு மட்டும் வலிமை வராது. எங்கள் ஊர் இளைஞர்கள் எழுதிய வேலை விண்ணப்பம் எல்லாவற்றிலும் ‘ஏ’ எழுத்து மங்கலாக இருந்ததற்கு அதுவே காரணம். அப்புறம் இந்தி. காந்தி 1918இல் தொடங்கிவைத்த தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவின் பரீட்சைகள் பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று ஏணி மாதிரி மேலே போகும். காலையில் இந்தி எதிர்ப்பு மேடையில் கைதட்டிவிட்டு மாலையில் பிள்ளையை மத்யமாவுக்கு அனுப்பிய அப்பாக்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. என் அப்பாவும் அதில் ஒருவர். நானும் ஏணியில் இரண்டு படி ஏறினேன். படித்த இந்தியை எங்காவது பயன்படுத்த வேண்டும் என்று வெகுநாள் ஆசை. ராஜகோபுரத்து எதிரே காவி கட்டிச் சடைமுடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காசியிலிருந்து வந்தவர் என்று முகத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் போய், ஆண்பால் பெண்பால் பார்த்து, வினைச்சொல்லை வாக்கியத்தின் கடைசியில் சரியாக நிறுத்தி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டேன். “நான் ஆரணிங்க தம்பி” என்றார்.

இதையெல்லாம் மனைவியிடம் சொல்லித்தான் வகுப்புகள் வேண்டாம் என்று வாதாடினேன். “அதான் பாக்கறேனே” என்றாள், என்னை மேலும் கீழும் பார்த்து.

அபாகஸைப் பற்றி நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நம் வகுப்புகளில் கொடுக்கிற சட்டம் ஜப்பான்காரர்களின் சொரோபான். குறுக்கே ஒரு தடுப்பு, அதற்கு மேலே கம்பிக்கு ஒரு மணி, கீழே நாலு மணி. மேல் மணிக்கு மதிப்பு ஐந்து, கீழ் மணிகள் ஒவ்வொன்றும் ஒன்று. மூன்றோடு நாலைக் கூட்ட வேண்டும் என்றால் கீழே ஒரே ஒரு மணிதான் பாக்கி இருக்கும். அதனால் மேல் மணியை இறக்கி ஐந்தைச் சேர்த்து, கீழே ஒன்றைக் கழிக்க வேண்டும். நாலுக்கு ‘சின்ன ஃப்ரெண்ட்’ ஒன்று, ஐந்தாவதற்கு என்ன குறைகிறதோ அது. அதேபோல் பத்தாவதற்கு என்ன குறைகிறதோ அது ‘பெரிய ஃப்ரெண்ட்’. இந்தச் சட்டத்தைச் சிறுவர்களின் மாலை வகுப்பாக மாற்றி, லெவல் லெவலாகப் பிரித்து, லெவலுக்கொரு பட்டமளிப்பு விழா வைத்து விற்கலாம் என்று 1990களில் கண்டுபிடித்தது மலேசியாக்காரர்கள். அங்கிருந்து சென்னை, சென்னையிலிருந்து வேட்டவலம் சாலை.

கொஞ்சம் தேறியதும் சட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். பிள்ளை மனசுக்குள் ஒரு சட்டத்தை நினைத்துக்கொண்டு காற்றிலேயே மணியைத் தட்டி விடை சொல்ல வேண்டும். விரல் விட்டு எண்ணினால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். காற்றில் தட்டினால் சந்தோஷம். பாப்பா இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து, பார்வையை எங்கேயோ நிறுத்தி, உதடு அசைய, இரண்டு கை விரல்களாலும் வெறும் காற்றைச் சுண்டிக்கொண்டிருந்தாள். என் அம்மா பார்த்தாள். ரசம் ஊற்ற வந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய், உப்பும் மிளகாயும் ஒரு கை அள்ளி வந்து, மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் எல்லாரும் இருமினோம். “பாத்தியா, நெடியே வரல. எவ்ளோ கண்ணு பட்டிருக்குது பாரு” என்றாள், இருமிக்கொண்டே.

அதே அம்மாதான் வேதக் கணித வகுப்பு என்று ஒரு நோட்டீஸ் வந்தபோது முதல்முறையாக உற்சாகம் காட்டினாள். ஆனால் பாப்பா தலைக்குக் குளிக்காமல் அந்த வகுப்புக்குப் போகக் கூடாது என்று ஒரே பிடிவாதம். வேதம் என்றால் சும்மாவா? நான் பொறுமையாக விளக்கினேன். இந்தக் கணக்கு முறையை எழுதியவர் பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர். அவர் 1960இல் காலமான பிறகு, 1965இல்தான் அந்தப் புத்தகமே வெளிவந்தது. அதில் உள்ள பதினாறு சூத்திரங்களும் நமக்குக் கிடைத்திருக்கிற அதர்வ வேதத்தில் எங்கும் இல்லை என்பதைப் புத்தகத்தைப் பதிப்பித்தவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, “சங்கராச்சாரியார் எழுதினதா? அப்ப நீயும் குளிச்சுட்டுக் கூட்டிக்கினு போ” என்றாள். மாலை நேரத்தில் மறுபடி குளிப்பதற்குப் பயந்து அந்த வகுப்பை மட்டும் விட்டோம்.

பள்ளிப் பையின் எடை பற்றி ஊரே கவலைப்பட்டது நினைவிருக்கும். 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமே கூடாது என்றது. அதே வருஷம் மத்திய அரசு ஒன்று, இரண்டு வகுப்புகளுக்கு ஒன்றரைக் கிலோ, மூன்று முதல் ஐந்து வரை இரண்டிலிருந்து மூன்று கிலோ என்று பைக்கு வரம்பு கட்டியது. நல்ல காரியம். பாப்பாவின் பள்ளிப் பை இப்போது காற்றில் பறக்கிறது. ஆனால் மாலை நேரப் பை என்று ஒன்று இருப்பது எந்த ஆணைக்கும் தெரியவில்லை. சலங்கை, தட்டுக்கழி, நாட்டியப் புடவை, அபாகஸ் சட்டம், ஒர்க் புக், நாலுகோடு நோட்டு, உருட்டி வைத்த செஸ் விரிப்பு, ஒரு டப்பாவில் இரண்டு இட்லி, ஒரு டப்பாவில் ‘மூளைக்கு நல்லது’ என்று வல்லாரைத் துவையல். துவையல் டப்பா திறந்துகொண்ட நாளில் நாட்டியப் புடவையின் மூளை நன்றாக வளர்ந்தது.

சிலம்பத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்தான். பரதத்துக்கு ஈடாக நம் தரப்பில் ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டி தமிழ்நாட்டில் நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். அந்தச் செய்தியைக் காட்டி வீட்டில் அனுமதி வாங்கினேன். கம்பு ஆடுபவரின் நெற்றி உயரம் இருந்தால் போதும் என்று மாஸ்டர் சொன்னார். வளர்கிற பெண்ணாயிற்றே என்று என் நெற்றி உயரத்துக்கு வாங்கினேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் ஸ்கூட்டரில் பின்னால் குறுக்குவாட்டில் உட்கார்ந்தால், தேரடி வீதியில் வண்டியின் அகலம் ஒரு மினி லாரிக்குச் சமம். முதல் நாளே வலது முனை ஒரு பூக்கடையின் சரத்தை அள்ளியது. இடது முனை போக்குவரத்துக் காவலரின் தொப்பியைத் தொட்டது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “சார், பொண்ணு நல்லா கத்துக்கிச்சு. நீங்கதான் ஓட்டக் கத்துக்கணும்” என்றார்.

சிலம்பம் உலக சாதனை வரை போனது. கின்னஸ் இல்லை, வேறு ஏதோ ஒரு சாதனைப் புத்தகம். அந்த மாதிரிப் புத்தகங்கள் உலகத்தில் எத்தனை உண்டோ, யார் வாங்கிப் படிக்கிறார்களோ. மைதானத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஆளுக்கொரு மண்பானையைக் கவிழ்த்து அதன்மேல் நின்று ஒரு மணி நேரம் கம்பு சுற்ற வேண்டும். நுழைவுக் கட்டணம், டி-ஷர்ட், சான்றிதழ், மெடல் எல்லாம் சேர்த்து ஒரு தொகை. பானை பெற்றோர் பொறுப்பு. குயவர் வீட்டுக்கே போய், தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்த ஒன்றை வாங்கி வந்தேன். “பரவால்ல, அப்புறமா பொங்கலுக்கு ஆவும்” என்றாள் அம்மா. பிள்ளையை ஏற்றும் முன் பானை தாங்குமா என்று பார்ப்பது தகப்பன் கடமை. வாசலில் கவிழ்த்து நான் ஏறி நின்றேன். பானை பொங்கலுக்கும் ஆகவில்லை.

செஸ் வந்த கதை சின்னது. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோதே வேட்டி கட்டிய குதிரைப் பொம்மையைப் பார்த்து எங்கள் தெருவில் லேசாக அரிப்பு கண்டது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனார். மறுநாள் எங்கள் ஊரில் மகாதீபம். ஊரே மலை உச்சியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்ட நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் செல்போனில் செஸ் வகுப்புக்குத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்கும் சேர்த்துப் போட்டார். வகுப்பில் கற்ற தொடக்க ஆட்டங்களைப் பாப்பா வீட்டில் என்மேல் பிரயோகம் செய்தால் நாலு நிமிஷத்தில் என் ராஜா விழுவார். அம்மாவோடு ஆடு புலி ஆட்டத்தில் மட்டும் அவள் ஜெயித்ததே இல்லை. மூன்று புலி, பதினைந்து ஆடு. அம்மா புலியாக ஆடினால் ஆடு வெட்டுப்படும். ஆடாக ஆடினால் எண்ணிக்கையில் பதினேழு ஆடு இருக்கும். அந்த அழுகுணி ஆட்டத்தைக் கண்டுபிடிப்பதற்காகவே பாப்பா புளியங்கொட்டைகளை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன் எண்ணி, பின் எண்ணி, நடுவில் பாட்டியின் மடியைச் சோதனை போட்டு எண்ணப் பழகினாள். அபாகஸ் மிஸ் அவள் வேகம் கூடியிருப்பதாக என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். நானும் தலையாட்டி, அடுத்த லெவலுக்குப் பணம் கட்டினேன்.

இந்த வரிசையில் பாப்பாவுக்கே விஷயம் புரிந்தது ஒரு மாறுவேடப் போட்டியில். வேஷம் வாடகைக்குத் தரும் கடைக்கு நான் போவதற்குள் பாரதியார், ஜான்சி ராணி, வேலு நாச்சியார் எல்லாரும் போய்விட்டார்கள். பாக்கி இருந்தது ஒரு கத்தரிக்காய். பஞ்சு அடைத்த ஊதா உடம்பு, தலையில் பச்சைக் காம்பு. போட்டால் கையைத் தொங்கவிட முடியாது, உட்கார முடியாது. எங்கள் ஊரில் சாமர்த்தியமுள்ள பெற்றோர் கடைக்கே போவதில்லை. பையன் என்றால் ரமண மகரிஷிதான். ஒரு கோவணம், ஒரு கைத்தடி, ஒரு கமண்டலம், செலவு முடிந்தது. அன்றைக்கு மேடையில் ஒரே நேரத்தில் மூன்று ரமணர்கள், மார்கழிக் குளிரில் நடுங்கிக்கொண்டு, நடுவில் ஒரு கத்தரிக்காய்.

முதல் ரமணர் வசனத்தை மறந்து அழுதுவிட்டார். இரண்டாமவர் ‘நான் யார்?’ என்று கேட்டுவிட்டு, பதில் தெரியாமல் இறங்கினார். மூன்றாமவருக்கு எழுதிக் கொடுத்தவர் ஆழமாகப் படித்தவர் போலிருக்கிறது. கணீரென்று ஆரம்பித்தார். 1896 ஆகஸ்ட் 29, மதுரை. இங்கிலீஷ் இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதிக்கொண்டு வா என்று பள்ளியில் தண்டனை. பாதி எழுதும்போது மனசு ஒட்டவில்லை, மூடி வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அண்ணன் கடிந்துகொண்டார். உடனே எழுந்து, பள்ளியில் மின்சாரம் பற்றி ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது, போகவேண்டும் என்றார். அப்படியானால் பெட்டியில் இருந்து ஐந்து ரூபாய் எடுத்துக்கொண்டு போய் என் காலேஜ் சம்பளத்தைக் கட்டிவிடு என்றார் அண்ணன். பையன் மூன்று ரூபாயை எடுத்துக்கொண்டான். மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டு ரயிலேறினான். திண்டிவனத்துக்கு டிக்கெட், அப்புறம் நடை, திருக்கோவிலூர் பக்கம் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய், மறுபடி ரயில். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அதற்கப்புறம் அவர் எந்த வகுப்புக்கும் போகவில்லை.

கூட்டம் கைதட்டியது. கைதட்டிய கைகளில் பாதிக்கு மறுநாள் ஏதாவது ஒரு ஸ்பெஷல் கிளாஸுக்குப் பணம் கட்டும் வேலை இருந்தது. நடுவர் மேஜையில் இருந்த ஒருவர் மட்டும், பிள்ளைகள் முன்னால் இதைச் சொல்லியிருக்க வேண்டாமே என்கிற மாதிரி தொண்டையைச் செருமினார். கத்தரிக்காய் அசையாமல் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் இருந்து குரல் வந்தது. “அப்பா, அவுங்க ஸ்பெஷல் கிளாஸ் போறேன்னு பொய் சொல்லிட்டுத்தான் நம்ம ஊருக்கு வந்தாங்களா?”

“ம்.”

“கிளாஸுக்குப் போயிருந்தா என்ன ஆயிருப்பாங்க?”

மின்சார வாரியத்தில் வேலை கிடைத்திருக்கும் என்று வாய் வரை வந்தது. விழுங்கினேன்.

“நீங்க எவ்ளோப்பா கட்டறீங்க?” என்றாள். சொன்னேன். “அவுங்க மூணு ரூபாதான் எடுத்தாங்க” என்றாள்.

அன்று இரவு மனைவியிடம் ஜாக்கிரதையாகப் பேச்செடுத்தேன். எங்கள் வீடு திருவூடல் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது. மாட்டுப் பொங்கலை ஒட்டி அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் சண்டை வந்து, அம்மன் கதவைச் சாத்திக்கொள்வதும், சுவாமி தனியாக மலையைச் சுற்றிவிட்டு மறுநாள் வந்து சமாதானமாவதும் அந்தத் தெருவில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் உற்சவம். எங்கள் சந்தில் வகுப்புக் கட்டணம் கட்டும் தேதிதோறும் நடக்கும். இந்த ஊரில் இவ்வளவு காசு வாங்காமல் சொல்லித் தருகிற இடங்களே இல்லையா என்றேன். இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் ஐந்திலிருந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் என்று வார இறுதியில் சொல்லித் தருகிறது. கட்டணம் பெயருக்குத்தான். “அவ்ளோ கம்மியா வாங்கினா என்னத்த சொல்லித் தருவாங்க?” என்றாள். அநியாயமான கேள்வி என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கும் அதே சந்தேகம் உள்ளுக்குள் இருந்ததால் மூடிக்கொண்டேன். ரசீது கனமாக இருந்தால்தான் பிள்ளை படிக்கிறது என்ற நம்பிக்கை எனக்கும் ரத்தத்தில் ஊறியிருக்கிறது.

எங்களுக்குப் பூ கொடுக்கும் ஆயாவின் பேரன் அரசுத் தொடக்கப்பள்ளியில் படிக்கிறான். அரசுப் பள்ளிகளில் 2022-23இல் ஆறாம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவர்களுக்கென்று தொடங்கிய கலைத் திருவிழா, பிறகு தொடக்க வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. கதை சொல்லுதல், மாறுவேடம், களிமண் பொம்மை. பள்ளியில் ஜெயித்தால் குறுவள மையம், அங்கிருந்து வட்டாரம், மாவட்டம் என்று போகிறது. பையன் ஏரிக்கரை மண்ணில் ஒரு நந்தி செய்து வட்டாரம் வரை போய்விட்டு வந்தான். அந்த நந்தியைப் பூக்கூடையில் வைத்து எங்களுக்குக் காட்டினார் ஆயா. காது மடல், கழுத்து மணி, திமிலின் மேல் ஒரு மடிப்பு, எல்லாம் இருந்தது. நாக்கு மூக்குத் துவாரத்தை நக்கிக்கொண்டிருந்தது. கல் நந்தியைப் பார்த்துச் செய்தது இல்லை இது, மாட்டைப் பார்த்துச் செய்தது. பாப்பா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“இந்தக் கிளாஸ் எங்க இருக்குது ஆயா?”

“ஏரிலதான் கண்ணு.”

மருதம் பண்ணைப் பள்ளிக்கும் ஒருமுறை போனோம். ஊருக்கு வெளியே கணத்தம்பூண்டியில் 2009இல் தொடங்கியது. மலையில் மரம் வளர்த்துக் காடாக்கும் வேலையைச் செய்கிறவர்களே நடத்துவது. பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போகிறார்கள், செடி நட விடுகிறார்கள், வருஷத்துக்கு ஒரு கைவினை வாரம் வைத்துக் கைத்தொழில்காரர்களை வரவழைக்கிறார்கள். அந்தக் கைவினை வாரத்தைப் பார்க்கத்தான் போயிருந்தோம். பாப்பா ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, மதியம் முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு கூடை பின்னினாள். அடி சாய்ந்து, வாய் கோணி, ஆனாலும் கூடைதான். முடிந்ததும் நான் அந்தப் பெரியவரிடம், இதற்குச் சான்றிதழ் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இவ்வளவும் தெரிந்தும் நான் ஏன் வேட்டவலம் சாலைக்குப் போவதை நிறுத்தவில்லை? வெளியே சொல்லக் கூடாத காரணம் ஒன்று உண்டு. பாப்பா உள்ளே போனதும் கதவைச் சாத்துவார்கள். அப்புறம் ஒரு மணி நேரம் என்னை யாரும் எதுவும் கேட்க முடியாது. அலுவலகத்தில் ஃபோன் வந்தால் ‘பொண்ணோட கிளாஸ்ல இருக்கேன்’, வீட்டில் இருந்து வந்தாலும் அதே பதில். எதிர்த்த டீக்கடையில் பெஞ்சு. மசால் வடை. என்னைப் போலவே ஐந்தாறு தகப்பன்கள். அவரவர் பிள்ளை எந்த லெவல் என்று ஐந்து நிமிஷம் பேசுவோம், மீதி நேரம் நிம்மதியாக ஊர்வம்பு. பரத வகுப்பு வாசலில் அம்மாக்களுக்கும் இதேதான், அங்கே சுண்டல். இந்த ஊரில் அமைதி தேடி வருகிறவர்களுக்கு எத்தனையோ ஆசிரமங்கள். உள்ளூர்க் குடும்பஸ்தனுக்கு அபாகஸ் வாசல். மிஸ் மட்டும் ஒருநாள் வகுப்பை நிறுத்தினால் முதலில் கொடி பிடிக்கப்போவது எதிர்வீட்டுக்காரர், இரண்டாவது நான்.

பிள்ளைகளுக்கு விடுதலை தருவது பௌர்ணமிதான். ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையங்கள், தெருமுனை எங்கும் தடுப்புக் கட்டை, ஸ்கூட்டர் கூட நகராது. எல்லா வகுப்பும் ரத்து. எங்கள் சந்தில் வண்டியே இல்லாத அந்த ஒரு நாளில் பிள்ளைகள் தெருவை ஆக்கிரமித்துவிடும். பாப்பா சிலம்பக் கம்பை ஸ்டம்பாக நட்டு, நாட்டியப் பைப் பயணங்களை எல்லாம் மறந்து, நீர்மோர்ப் பந்தலில் தம்ளர் கழுவி, கோயிலுக்கு வழி கேட்கும் ஆந்திரா, தெலங்கானாக்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பாள். “நேருகா வெள்ளண்டி, தருவாத்த லெஃப்ட்.” இந்தத் தெலுங்கை யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். “அவுங்கதான்” என்று கூட்டத்தைக் காட்டினாள். மனைவி உடனே, தெலுங்குக்கு ஊரில் நல்ல வகுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கச் சொன்னாள்.

போன பௌர்ணமிக்கு முந்தின ராத்திரி அபாகஸ் குழுவில் ஒரு செய்தி. நாளை நேரடி வகுப்பு இல்லை, ஆன்லைனில் நடக்கும், அனைவரும் தவறாமல் சேரவும். பாப்பாவின் முகம் அஸ்தமித்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் என் செல்போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, எதிரே அவளை உட்கார வைத்தோம். வெளியே லட்சக்கணக்கில் ஜனம், ஜனத்துக்கு ஒன்றாக செல்போன். ஊர் டவர்கள் என்ன செய்யும், பாவம். மிஸ்ஸின் முகம் வந்தது. “எல்லாரும் ரெடியா? செவன் ப்ளஸ்...” என்றதோடு வாய் திறந்தபடி உறைந்துபோனார். ஐந்து நிமிஷம் பார்த்தோம். உறைவு கலையவில்லை. மனைவி மோர்ப் பந்தலுக்குக் கறிவேப்பிலை கொடுக்கப் போனாள். பாப்பா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். அப்புறம் நாற்காலியில் இல்லை.

“மிஸ் வந்தா கூப்புடுங்கப்பா!” என்று குரல் மட்டும் வாசலில் இருந்து வந்தது.

அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் செல்போன் கொரகொரவென்றது. மிஸ்ஸின் வாய் அசைந்தது. “பாப்பா, கேக்குதா? சொல்லுங்க, எட்டுக்குப் பெரிய ஃப்ரெண்ட் யாரு?”

பாப்பாவின் மானம் போகக் கூடாது. மேஜைக்கடியில் கையை வைத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

“அங்கிள், நீங்களா? பரவால்ல, சொல்லுங்க. ஆனா விரல் விட்டு எண்ணக் கூடாது, காத்துல தட்டுங்க.”

நிமிர்ந்து உட்கார்ந்தேன். கண்ணை ஒரு இடத்தில் நிறுத்தி, சட்டத்தை மனசில் கொண்டுவந்து, இரண்டு கையாலும் காற்றைச் சுண்டினேன். அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். மிளகாய் டப்பா திறக்கிற சத்தம் கேட்டது.